‘பாடம்’ என்றால் என்ன? புள்ளியியலை முன்வைத்து ஒரு விளக்கம்

(நம் ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘கல்வியின் சிறப்பு’ என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். அத்தலைப்பில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. நீங்களும் பொறுமையோடு கேட்டு வருகிறீர்கள். கல்வி சிறந்தது என்பதில் இச்சபையில் எவருக்கும் ஐயமில்லை. ஆகவே இன்று அதைவிடச் சிறியதொரு விஷயத்தை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். உதவித்தொகைப் படிவங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு இவ்வாண்டு எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. அப்படிவத்தில் ‘கற்கவிருக்கும் பாடம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதில் கல்லூரியின் பெயரை எழுதியிருந்தார்கள். சிலர் ‘ஏதேனும் ஒரு டிகிரி’ என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு படிவத்தில் மாணவியின் கையெழுத்தில் ‘புள்ளியியல்’ என்று இருந்தது. வேறொரு மையில் அது அடிக்கப்பட்டு, மேலே மற்றொரு படிப்பின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அது யார் வீட்டுப் படிவம் என்று ஆராய வேண்டாம். அடித்தவர் மீது எனக்குக் குறையுமில்லை. பிள்ளையின் நலன் நாடியே அடித்திருப்பார். ஆனால் அடிக்கப்பட்ட அச்சொல் எதைக் குறிக்கிறது என்பதை அறிந்து அடித்தாரா என்னும் கேள்வி மட்டும் என் மனத்தில் தங்கிவிட்டது.

பாடம் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் பாடம் என்பது ஒரு புத்தகம், ஒரு வாத்தியார், கால அட்டவணையில் ஒரு மணி நேரம். கல்லூரிக்குப் போகும்போது அச்சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

மதரஸாவில் ஓதியவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். எந்தக் கலையின் கிதாபைத் திறந்தாலும் உஸ்தாத் முதல் நாளிலேயே நூலுக்குள் நுழைந்துவிட மாட்டார். அக்கலைக்குரிய பத்து அடிப்படைகளைச் சொல்வார். அவற்றை ‘மபாதி’ என்போம். அக்கலையின் இலக்கணம் என்ன, அதன் மவ்ளூஃ என்ன, பலன் என்ன, சிறப்பு என்ன, ஏனைய கலைகளோடு அதற்குள்ள உறவு என்ன, அதை வகுத்தவர் யார், பெயர் என்ன, எங்கிருந்து அது தன் சான்றுகளைப் பெறுகிறது, அதைக் கற்பதன் சட்டம் என்ன, அது விசாரிக்கும் மஸ்அலாக்கள் யாவை என்பவையே அப்பத்து. பதினைந்து வயதுப் பையனுக்கு இவை சலிப்பூட்டுபவை. பல ஆண்டுகள் கழித்தே இவற்றின் அருமை விளங்குகிறது.

இப்பத்தில் நடுநாயகமாக விளங்குவது மவ்ளூஃ. ஒரு கலை எதைப் பற்றிப் பேசுகிறதோ அப்பொருளே அதன் மவ்ளூஃ. இதில் ஒரு நுட்பமும் உண்டு. நஹ்வு, ஸர்ஃபு ஆகிய இரண்டுமே அரபுச் சொல்லைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆயினும் அவை ஒரு கலை அல்ல, இரண்டு கலைகள். சொல் வாக்கியத்தில் அமரும்போது அதன் இறுதி எவ்வாறு மாறுகிறது என்னும் கோணத்தில் நோக்குவது நஹ்வு. சொல் தன்னளவில் எவ்வடிவம் எடுக்கிறது என்னும் கோணத்தில் நோக்குவது ஸர்ஃபு. பொருள் ஒன்று, நோக்கும் கோணம் இரண்டு. அவ்வாறே மனித உடலை உடல்நலம், நோய் என்னும் கோணத்தில் நோக்குவது மருத்துவம் என்று பண்டை அறிஞர்கள் எழுதினார்கள். அதே உடலை அளந்து வரைபவர் ஓவியர். அவரை மருத்துவர் என்று எவரும் சொல்வதில்லை.

என் சட்டைப் பையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு இருக்கிறது. இது எவ்வழியில் வந்தது, ஆகுமானதா என்று கேட்பவர் ஃபிக்ஹு கற்றவர். எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்பவர் வணிகவியல் கற்றவர். சென்ற ஆண்டு இது வாங்கிய அரிசியை இவ்வாண்டும் வாங்குமா, வாங்காதெனில் ஏன் என்று கேட்பவர் பொருளியல் கற்றவர். தாளும் மையும் எதனால் ஆனவை என்று கேட்பவர் வேதியியல் கற்றவர். நோட்டு ஒன்றுதான், கேள்விகள் வேறுவேறு. உயர்கல்வியில் ‘ஒரு பாடத்தை எடுப்பது’ என்பது ஒரு குறிப்பிட்ட வகைக் கேள்வியை மூன்றாண்டு காலம் தொடர்ந்து கேட்டுப் பழகுவதாகும். அக்கேள்விக்கு விடை காணும் முறையைக் கற்பதும், விடை பிழையானால் அதைக் கண்டுபிடிக்கும் முறையைக் கற்பதும் அதனுள் அடக்கம்.

இவ்வாறு சிந்தித்தவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தமானவர் இப்னு கல்தூன் அவர்கள். 1332-இல் துனிஸ் நகரில் பிறந்து 1406-இல் கெய்ரோவில் மறைந்தவர். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கி வாழ்ந்தபோது, 1377-இல் தம் வரலாற்று நூலுக்கான ‘முகத்திமா’வை எழுதினார். அதில் அவர், தாம் ஒரு புதிய கலையைத் தொடங்குவதாக உரிமை கொண்டாடுகிறார். அந்த உரிமையை அவர் எப்படி நிறுவுகிறார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ‘இதனால் இன்ன பதவி கிடைக்கும்’ என்று அவர் வாதாடவில்லை. இதற்கெனத் தனி மவ்ளூஃ இருக்கிறது, அது மனிதர் கூடி வாழும் வாழ்க்கை. இதற்கெனத் தனி மஸ்அலாக்கள் இருக்கின்றன. சொற்பொழிவுக் கலையோ அரசியல் நெறியோ இதுவாகாது, ஏனெனில் அவற்றின் மவ்ளூஃ வேறு என்று வாதாடுகிறார். ஒரு பாடம் தனிப் பாடமாக நிற்பதற்கு என்ன தேவை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

இனிப் புள்ளியியலுக்கு வருவோம். அது எண்களைப் பற்றிய பாடம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எண்களைப் பற்றிய பாடம் கணிதம். பட்டியல் போடுவதும் கூட்டிக் கழிப்பதும் குமாஸ்தாவின் வேலை. அவ்வளவுதான் புள்ளியியல் என்றால் அதைப் படிவத்தில் அடித்தவர் செய்தது முற்றிலும் சரியே.

நம் பள்ளிவாசலில் ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். அசருக்குப் பிறகு பண்டாரி ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்க்கிறார். ஒரு கரண்டியில் பார்த்து ஐந்நூறு பேருக்கான கஞ்சியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அது சரியான தீர்ப்பாகவும் இருக்கிறது. ஏன்? கஞ்சி இடைவிடாது கிளறப்பட்டிருக்கிறது. ஆதலால் எந்தக் கரண்டியும் முழுச் சட்டிக்கும் சாட்சி சொல்லும். ஆனால் அதே பண்டாரி நிகாஹ் வீட்டில் பிரியாணி தம் போடும்போது மேலாக ஒரு பருக்கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போவதில்லை. ஓரத்தில் கரண்டியை ஆழச் செலுத்தி அடிச்சோற்றைப் பார்க்கிறார், நடுவில் பார்க்கிறார், மேலே பார்க்கிறார். அங்கே அடுக்கு அடுக்காக இருக்கிறது. மேல் அடுக்கு அடி அடுக்குக்குச் சாட்சி ஆகாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கஞ்சிக்கும் வடித்த சோற்றுக்கும் சரி. தம் பிரியாணிக்குச் சரியன்று.

இந்த இடத்தில்தான் புள்ளியியல் பிறக்கிறது. ஒன்றுக்கொன்று வேறுபடும் பொருள்கள் நிறைந்த உலகில், முழுவதையும் பார்க்க இயலாதபோது, ஒரு பகுதியைப் பார்த்து முழுவதைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? சொன்னது பிழையாவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு? இதுவே அதன் மவ்ளூஃ. எண் அதற்கு ஒரு கருவி மட்டுமே. தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் பொருள், சிந்தித்தல் என்றும் பொருள். இப்பாடத்திற்கு அச்சொல்லைவிடப் பொருத்தமான பெயர் அமையாது என்பது என் எண்ணம்.

இதன் மஸ்அலாக்கள் எவ்வகைப்பட்டவை என்பதற்கு ஒரு தேநீர்க் கதை. கதையன்று, ரொனால்ட் ஃபிஷர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1935-இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கும் சோதனை. தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேயிலைச் சாற்றை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. நம்மவர்கள் என்றால் ஒரு கோப்பையைக் கொடுத்துப் பார்த்து, சரியாகச் சொன்னால் மாஷா அல்லாஹ் என்போம், தவறினால் சிரிப்போம். ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை வைக்கச் சொல்கிறார். நான்கில் பால் முதலில், நான்கில் சாறு முதலில். வரிசையைக் குலுக்கிப் போட்டு வைத்துவிட்டு, பால் முதலில் ஊற்றிய நான்கைப் பிரித்தெடுக்கச் சொல்கிறார். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 70 வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டுமே முழுச் சரி. ஆகவே சுவையே தெரியாதவர் வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. எனவே அவர் அனைத்தையும் சரியாகச் சொன்னால் நம்பலாம். நான்கில் மூன்றைச் சரியாகவும் ஒன்றைத் தவறாகவும் எடுத்தாலோ? அப்படி அமைவதற்கு 16 வழிகள் இருக்கின்றன. முழுச் சரியானதையும் சேர்த்தால் 17. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வெறும் ஊகத்தாலேயே நான்கில் ஒரு முறை நிகழக்கூடிய ஒன்றைச் சான்றாகக் கொள்ள முடியுமா? முடியாது. இது கூட்டல் கழித்தல் அன்று. எவ்வளவு சாட்சியம் இருந்தால் எவ்வளவு நம்பலாம் என்னும் விசாரணை.

ஹதீஸ் கலை கற்றவர்களுக்கு இவ்விசாரணை அந்நியமாகத் தோன்றாது. ஒரு செய்தியை எத்தனை பேர் அறிவித்தார்கள், அவர்கள் ஒன்றுகூடிப் பொய்யுரைப்பது சாத்தியமா, அறிவிப்பு உறுதியைத் தருகிறதா, மிகைத்த எண்ணத்தை மட்டும் தருகிறதா என்று தரம் பிரித்தவர்கள் நம் முன்னோர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த அல்கிந்தி, மறைகுறியீட்டில் எழுதப்பட்ட கடிதத்தைப் படிப்பதற்கு எழுத்துகளை எண்ணும் வழியைக் காட்டினார். வழக்கமான எழுத்தில் எவ்வெழுத்து மிகுதியாக வருகிறது என்று எண்ணி, மறைகுறியீட்டில் மிகுதியாக வரும் குறியோடு அதை ஒப்பிட வேண்டும் என்றார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளுள் இம்முறைக்கு அதுவே பழமையானது. இதைச் சொல்லி, எல்லா அறிவியலும் நம் கிதாபுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்று மார்தட்டுவது என் நோக்கமன்று. அவ்வாறு மார்தட்டும் சொற்பொழிவுகள் போதுமான அளவு நிகழ்ந்துவிட்டன. ஹதீஸ் கலை வேறு, புள்ளியியல் வேறு, மவ்ளூஃ வேறு. அல்கிந்தி செய்தது ஒரு தனி மஸ்அலா. தனித்தனி மஸ்அலாக்கள் எங்கும் எக்காலத்தும் தோன்றும். அவை ஒன்றுதிரண்டு, ஆசிரியர், மாணவர், ஏடு, தேர்வு என ஒரு தொடராக அமையும்போதுதான் அது பல்கலைக்கழகம் ஏற்கும் பாடமாகிறது.

நம் நாட்டில் அத்தொடர் எப்படி அமைந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் கல்கத்தாவைச் சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் கற்றவர். 1915-இல் ஊர் திரும்பவிருந்த நேரத்தில் போரினால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் நூலகத்தில் ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆய்வேட்டின் தொகுதிகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றை வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அவர் இயற்பியல் பேராசிரியர். புள்ளியியலுக்கு அங்கே துறையும் இல்லை, பட்டமும் இல்லை. தம் துறையின் ஓர் அறையிலேயே வேலையைத் தொடங்கினார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகம் உருவாயிற்று. 1933-இல் ‘சங்க்யா’ என்னும் ஆய்வேடு தொடங்கிற்று. 1941-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கிற்று. 1959-இல் நாடாளுமன்றச் சட்டத்தினால் அக்கழகம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. ஓர் அறை ஒரு பாடமாக வளர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அவர்கள் செய்த வேலை எத்தகையது? ஒரிசாவில் 1926-இல் பிராமணி ஆறு பெருக்கெடுத்து அழிவு உண்டாக்கியது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். மகலனோபிஸ் பல பத்தாண்டுகளின் மழை, வெள்ளக் குறிப்புகளை ஆராய்ந்து, படுகை உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று காட்டினார். அவர் ஆற்றுப் பொறியியல் கற்றவரல்லர். சான்றை எடைபோடக் கற்றவர். பின்னர் வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் பயிராகிறது என்பதை, ஒவ்வொரு வயலையும் அளக்காமல், தேர்ந்தெடுத்த சிறு துண்டுகளை மட்டும் அளந்து மதிப்பிட முனைந்தார். அதில் அவர் கையாண்ட ஒரு முறை எனக்கு மிகவும் உவப்பானது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி, ஒருவர் மற்றவரைப் பாராமல் தனித்தனி மாதிரிகளை எடுக்கச் செய்வார். இரு முடிவுகளும் நெருங்கி வந்தால் நம்பிக்கை கூடும். விலகி நின்றால் எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும். நம் வழக்குகளில் இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் காஸியின் நுட்பம் இதில் இருக்கிறது.

சி. ஆர். ராவ் அவர்களின் செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1920-இல் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டு, இராணுவம் தொடர்பான ஒரு வேலைக்கு நேர்காணலுக்காகக் கல்கத்தா சென்றார். அவ்வேலை கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியில், புள்ளியியல் கழகத்தில் பயிற்சி பெறும் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்து, அது என்ன இடம் என்று பார்க்கப் போனார். 1941-இல் அங்கே சேர்ந்தார். 1943-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் அணி மாணவருள் ஒருவராகப் புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1945-இல், இருபத்தைந்து வயதில், அவர் எழுதிய கட்டுரையின் ஒரு முடிவு இன்று உலகெங்கும் பாடநூல்களில் அவர் பெயரோடு வழங்குகிறது. கிடைத்த சான்றைக் கொண்டு ஒன்றை மதிப்பிடும்போது, எவ்வளவு திறமையான முறையானாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பிழையைக் குறைக்க முடியாது என்னும் எல்லையை அது வரையறுக்கிறது. மனித மதிப்பீட்டின் எல்லையைக் கணக்கிட்டுச் சொன்ன முடிவு அது! 2023-இல், 102-ஆம் வயதில், அவருக்குப் புள்ளியியலுக்கான பன்னாட்டுப் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டே ஆகஸ்ட் மாதம் மறைந்தார்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு கசப்பான செய்தியை மறைப்பது நேர்மையாகாது. இப்பாடத்தின் முன்னோடிகளுள் சிலர், குறிப்பாக இங்கிலாந்தின் கால்டனும் கார்ல் பியர்சனும், மனிதரில் உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு உண்டு என்றும், தாழ்ந்தவர்கள் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கருதிய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். பியர்சன் 1911-இல் உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையை நிறுவிய லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், இக்காரணத்தால் 2020-இல் தன் கட்டடங்களிலிருந்து அவ்விருவர் பெயர்களையும் நீக்கியது. வகுத்தவரின் கொள்கை கோணலாக இருந்ததால் கலை முழுதும் கோணல் என்றாகிவிடாது. ஆனால் அக்கலையைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இது நமக்கு ஏன் என்று கேட்பீர்கள். நம்மைப் பற்றிய கணக்குகளே முதற்காரணம். 2005 மார்ச்சில் அமைக்கப்பட்டு, 2006 நவம்பரில் அறிக்கை அளித்த நீதிபதி சச்சார் குழுவை அறியாதவர் இங்கில்லை. அவ்வறிக்கையின் பெரும்பகுதி மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும், மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வையும் நம்பி எழுதப்பட்டது. 2001 கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களில் எழுத்தறிவு பெற்றோர் 59.1 சதவீதம், நாட்டின் மொத்தச் சராசரி 64.8 சதவீதம். இவ்விரு எண்களைப் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 83 சதவீதம். மாநிலச் சராசரியோ ஏறத்தாழ 73 சதவீதம். இதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்? தம் பிரியாணியை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் ஒரு சராசரி சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் நம் ஊர் அடுக்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இங்கே நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவரை வந்துவிட்டோம். அதற்கு மேல் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை அந்த 83 காட்டாது. பிறர் நம் மீது எண்களை வீசும்போதும், நாமே நம்மைப் பற்றி எண்களால் அழும்போதும், ‘இது எந்தப் பானையின் எந்த அடுக்கிலிருந்து எடுத்த பருக்கை?’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் இந்த மஹல்லாவில் வேண்டாமா?

நிர்வாகத்தினர் பொறுத்துக்கொள்வார்களாக, நம் ஆண்டறிக்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ‘நம் மஹல்லா மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று மகிழ்ச்சியோடு குறிப்பிட்டிருக்கிறோம். எழுதியவர்கள் அனைவரும் தேறினார்கள் என்பது உண்மை. ஆனால் பின்னத்தில் மேலே ஒரு தொகுதி இருப்பதுபோல் கீழே ஒரு பகுதியும் உண்டு. இருபது பேர் எழுதி இருபது பேர் தேறினால் நூறு சதவீதம். ஆறாம் வகுப்பில் அந்த அணியில் முப்பத்திரண்டு பேர் இருந்திருந்தால் அதே இருபது அறுபத்திரண்டரை சதவீதம் ஆகிவிடும். இவை எடுத்துக்காட்டுக்காக நான் சொல்லும் எண்கள். உண்மையான எண் என்ன என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பத்தாம் வகுப்போடு கடையில் நின்ற பையனும், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையும் எந்தப் பட்டியலிலும் தோல்வியடையவில்லை. அவர்கள் பட்டியலிலேயே இல்லை. கீழே எதை வைப்பது என்று கேட்கும் பழக்கத்தையே இப்பாடம் மூன்றாண்டுகள் ஊட்டுகிறது.

வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. மபாதியில் பலனுக்கும் ஓர் இடம் உண்டு. புள்ளியியல் பட்டதாரிகளுக்கு மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணி என்று தனித் தேர்வு இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் புள்ளியியல் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. மருந்து நிறுவனங்கள், காப்பீடு, வங்கி, வேளாண் ஆய்வு எங்கும் இவர்கள் தேவைப்படுகிறார்கள். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றில் இப்பாடம் உண்டு. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு நுழைவுத் தேர்வு எழுதிச் செல்லலாம். ஆயினும் பத்து அடிப்படைகளில் ஒன்றை மட்டும் கேட்டு ஒன்பதை விட்டுவிடுவது முறையன்று. அதிலும் பலன் என்றால் முதல் மாதச் சம்பளம் என்று பொருள்கொண்டுவிட்டோம். 2000-களில் நம் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது, மவ்ளூஃ என்ன என்று கேளாமல், சம்பளத்தை மட்டும் கேட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தோம். கடன் வாங்கிச் சேர்த்தவர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் இன்று தாம் கற்ற துறையிலேயே இருக்கிறார்கள் என்பதை உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

இப்போது புதிய பெயர்கள் வந்துள்ளன. தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. படிப்பின் பெயர் வேறு, பாடம் வேறு. பெயரைக் கல்லூரி வைக்கிறது. பாடத்தை மவ்ளூஃ தீர்மானிக்கிறது. அப்பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பவை கணிதம், புள்ளியியல், கணினியியல் என்னும் பழைய பாடங்களே. ஆகவே பெற்றோர் கல்லூரிக்குச் செல்லும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிகழ்தகவு, கூறெடுப்பு, மதிப்பீடு, கருதுகோள் சோதனை, சோதனைகளை வடிவமைத்தல் ஆகிய தாள்கள் அதில் உள்ளனவா, எத்தனை பருவங்களில் உள்ளன, கற்பிப்பவர் அத்துறையில் கற்றவரா என்று பாருங்கள். நமக்குப் புரியாதே என்று தயங்க வேண்டாம். பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் புரிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இறுதியாக நிர்வாகத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த ஆண்டுப் படிவத்தில் ‘கற்கவிருக்கும் பாடம்’ என்னும் கட்டத்திற்குக் கீழே மூன்று வரிகள் இடம் விடுங்கள். இப்பாடம் எதைப் பற்றியது, அது கேட்கும் கேள்விகளில் ஒன்று யாது என்பதை மாணவரே தம் கையால் எழுதட்டும். ஒருவர் அதை அடிக்க விரும்பினால், அடித்ததற்கான காரணத்தையும் அவரே பக்கத்தில் எழுதட்டும்.

இரண்டாவது, நம் மக்தபின் வருகைப் பதிவேடுகள் பல ஆண்டுகளாக மேல்மாடி பீரோவில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த வகுப்புவரை சென்றார்கள் என்று வீடு வீடாக விசாரித்தால், நம் ‘நூற்றுக்கு நூறின்’ கீழே வைக்க வேண்டிய எண் கிடைத்துவிடும். மகலனோபிஸ் செய்ததுபோல் இதற்கு இரண்டு குழுக்கள் வேண்டும். ஒரு குழுவின் தாளை மற்றொரு குழு பார்க்கலாகாது. கல்லூரி மாணவர்கள் ஒரு குழுவாகவும், மாணவியர் ஒரு குழுவாகவும் இருந்தால் தலைக்கட்டுகள் அனைத்தையும் இரண்டு வாரங்களில் முடித்துவிடலாம். விருப்பமுள்ளோர் வரும் ஞாயிறு லுஹருக்குப் பின் என் அறையில் பெயர் கொடுக்கலாம். பீரோவின் சாவி மோதினார் அவர்களிடம் இருக்கிறது.